சர்க்கரை போடாமல், பழத்தின் இனிப்பிலேயே கஸ்டர்ட்: முழுமையான வழிகாட்டி

வழக்கமான கஸ்டர்ட் செய்முறையில் சர்க்கரையை மட்டும் எடுத்துவிட்டு, அதே இடத்தில் பழக்கூழைக் கொட்டினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பால் திரியும், இல்லையென்றால் கட்டி தட்டும், அதுவும் இல்லையென்றால் இரவு கெட்டியாக இருந்தது காலையில் நீர்த்துக் கிடக்கும். கஸ்டர்டில் சர்க்கரைக்கு இனிப்பு தருவதோடு இன்னொரு வேலையும் உண்டு. பாலில் இருக்கும் தண்ணீரை மாவு சட்டென்று உறிஞ்சிவிடாமல் அது பிடித்துவைக்கிறது. சர்க்கரை போனதும் மாவு சீக்கிரமே இறுகும், ஆறினால் ரப்பர் போல ஆகும். அதனால் மாவின் அளவையும் குறைக்க வேண்டும், பொருள்களைச் சேர்க்கும் வரிசையையும் மாற்ற வேண்டும்.

வரிசை இதுதான். முதலில் இனிப்பே இல்லாத கஸ்டர்டைக் காய்ச்சி ஆறவைப்பது. தனியாகப் பழக்கூழை வேகவைத்து ஆறவைப்பது. இரண்டும் இளஞ்சூட்டுக்கு வந்த பிறகு கலப்பது. குளிரவைப்பது. பழத்துண்டுகளைப் பரிமாறுவதற்குச் சற்று முன் சேர்ப்பது. இந்த வரிசையில் ஒன்றை முன்பின் மாற்றினாலும் கோளாறு வரும். எங்கே, ஏன் என்பதுதான் கீழே உள்ளது.

இங்கே சொல்லும் அளவு 8 சிறு கிண்ணங்களுக்கு. அடுப்பு வேலை அரை மணி நேரம், குளிர 4 மணி நேரம். இரவு விருந்துக்கு என்றால் மதியமே ஆரம்பித்துவிடுங்கள்.

1. எவ்வளவு சர்க்கரை குறைகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழத்தில் இருப்பதும் சர்க்கரைதான். 100 கிராம் பேரீச்சம்பழத்தில் ஏறத்தாழ 65 கிராம் சர்க்கரை இருக்கிறது. வாழைப்பழத்தில் 12 கிராம், மாம்பழத்தில் 14 கிராம் போல. “பழம்தானே” என்று 200 கிராம் பேரீச்சம்பழத்தை அரைத்துப் போட்டால், முக்கால் கப் சர்க்கரை போட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

வீடுகளில் ஒரு லிட்டர் பாலுக்கு முக்கால் கப், அதாவது சுமார் 150 கிராம் சர்க்கரை போடுவது சகஜம். இந்த வழிகாட்டியில் 80 கிராம் பேரீச்சம்பழமும் மூன்று சின்ன வாழைப்பழங்களும் போடுகிறோம். அவற்றிலிருந்து வருவது மொத்தம் 70 கிராம் சர்க்கரை அளவில் நிற்கும், கூடவே நார்ச்சத்தும் வரும். பாதிக்கும் கீழே வந்துவிட்டது, ஆனால் பூஜ்யம் இல்லை. நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு “இதில் சர்க்கரையே இல்லை மாமா, நல்லா சாப்பிடுங்க” என்று இரண்டாவது கிண்ணம் நீட்டாதீர்கள். ஒரு சின்னக் கிண்ணம், அதையும் அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தேன், பேரீச்சம்பழச் சிரப், பழச்சாறு ஆகியவற்றை இதில் சேர்ப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்லும் சர்க்கரைப் பட்டியலில் தேனும் சிரப்பும் பழச்சாறும் வருகின்றன, முழுப்பழம் வருவதில்லை. அதே காரணத்தால் அரைத்த கூழை வடிகட்டுவதும் கூடாது. வடிகட்டினால் நார் சல்லடையில் நின்றுவிடும், கிண்ணத்துக்கு வருவது கிட்டத்தட்ட சிரப்தான்.

2. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பால்: கொழுப்பு குறைந்த பால் ஒரு லிட்டர். சிங்கப்பூரில் பால் அட்டையில் தரத்தைக் காட்டப் போடும் நியூட்ரி-கிரேடு எழுத்து சர்க்கரை, நிறைகொழுப்பு இரண்டையும் பார்த்துப் போடப்படுவது. எதுவும் கலக்காத பாலில் அந்த எழுத்து மாறுவது பெரும்பாலும் கொழுப்பால்தான். கொழுப்பே இல்லாத பாலை நான் எடுப்பதில்லை. சர்க்கரையும் இல்லை, கொழுப்பும் இல்லை என்றால் வாயில் வெறும் மாவுக் கஞ்சிதான் மிஞ்சும். இன்னும் கொஞ்சம் கெட்டிப்பால் ருசி வேண்டுமானால், ஒரு லிட்டரில் 100 மில்லியைக் குறைத்துக்கொண்டு, காப்பிக்கடையில் ‘தே சி’ என்ற தேநீருக்கு ஊற்றுவார்களே, அந்த எவாபரேட்டட் பாலைச் சேர்க்கலாம். டின்னைத் திருப்பிப் பாருங்கள். ‘கிரீமர்’, ‘ஃபில்டு மில்க்’ என்று எழுதியிருந்தால் அதில் பால் கொழுப்புக்குப் பதில் பாமாயில் இருக்கும். கண்டென்ஸ்டு பால் பக்கமே போக வேண்டாம், அதில் பாதிக்குப் பாதி சர்க்கரை.

கஸ்டர்ட் பவுடர்: 3 மேசைக்கரண்டி, தலைதட்டி. கடைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று கார்ன்ஃபிளார், வாசனை, நிறம் மட்டும் கொண்டது. இன்னொன்று ‘இன்ஸ்டன்ட்’, சர்க்கரையும் பால் பவுடரும் ஏற்கெனவே கலந்தது. சிங்கப்பூரில் விற்கும் பொட்டலங்களில் சேர்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. முதலில் ‘சுகர்’ என்று இருந்தால் அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுங்கள். நிறமே வேண்டாம் என்பவர்கள் அதே அளவு வெள்ளைக் கார்ன்ஃபிளார் எடுக்கலாம். மஞ்சள் மக்காச்சோள மாவு வேறு பொருள், அது கொரகொரப்பாக நிற்கும்.

பேரீச்சம்பழம்: கொட்டை நீக்கி 80 கிராம். மெட்ஜூல் என்றால் நான்கு, சின்ன டெக்லெட் நூர் என்றால் பத்துப் பன்னிரண்டு. முஸ்தஃபா கடையில் ஆண்டு முழுவதும் கிடைக்கும். நோன்பு மாதத்தில் கேலாங் சிராய்ப் பக்கமும் அரபு ஸ்திரீட் கடைகளிலும் நிறைய வகை வரும், ருசி பார்த்து வாங்கலாம். பளபளவென்று மின்னும் மலிவுப் பொட்டலங்களில் சிலவற்றுக்கு குளுக்கோஸ் சிரப் பூசியிருப்பார்கள், பின்பக்கத்தைப் படித்துவிட்டு எடுங்கள்.

வாழைப்பழம்: பீசாங் மாஸ் என்ற சின்ன வாழைப்பழம் மூன்று. தோலில் கரும்புள்ளி விழுந்திருக்க வேண்டும். வாழைக்காயில் இருக்கும் மாவுச்சத்து பழுக்கப் பழுக்கத்தான் சர்க்கரையாக மாறுகிறது. பச்சை ஓரம் தெரியும் பழத்தை அரைத்தால் இனிப்பும் வராது, நாக்கில் துவர்ப்பும் ஒட்டும். தேக்கா சந்தையில் சீப்பாக வாங்கி, இரண்டு மூன்று நாள் சமையலறையில் வெளியே வைத்தால் சரியான பதத்துக்கு வந்துவிடும்.

வாசனைக்கு: பாண்டான் இலை இரண்டு, ஏலக்காய் மூன்று, உப்பு ஒரு சிட்டிகை. இவை அலங்காரம் இல்லை. பாண்டானும் ஏலக்காயும் நாம் எப்போதும் இனிப்போடு சேர்த்துச் சாப்பிட்ட வாசனைகள், அதனால் அந்த மணம் மூக்கில் பட்டாலே இனிப்பு கூடியதாகத் தோன்றும். உப்பும் அப்படித்தான் உதவும். சர்க்கரை குறைந்த கஸ்டர்டில் இவற்றை விட்டால் ருசி சப்பென்று போய்விடும்.

மேலே தூவப் பழத்துண்டுகள்: மொத்தம் 400 கிராம். எந்தப் பழம் என்பது 8ஆம் பகுதியில்.

டின் பழக் கலவை வாங்குவதென்றால் ‘ஹெவி சிரப்’ என்று எழுதியதைத் தவிர்த்து, சொந்தச் சாற்றில் போட்டதை எடுங்கள். சாற்றை வடித்துவிட்டுப் பழத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

3. அடுப்பைப் பற்றவைக்கும் முன்

பேரீச்சம்பழத்தைக் கீறிக் கொட்டையை எடுங்கள். ‘பிட்டட்’ என்று போட்டிருந்தாலும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள், தப்பிய ஒரு கொட்டை மிக்ஸி பிளேடைக் கெடுக்கப் போதும். கீறும்போது உள்ளே கறுப்புத் தூளோ பூச்சியோ இருந்தாலும் தெரிந்துவிடும்.

கொட்டை நீக்கிய பழம் மூழ்கும் அளவுக்கு, சுமார் 150 மில்லி கொதிநீர் ஊற்றி 20 நிமிடம் மூடி வையுங்கள். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் முழுதாக இளகாது, அரைத்த பிறகும் பழுப்புத் துணுக்குகளாகக் கஸ்டர்டில் மிதக்கும். ஊறிய நீரைக் கொட்டிவிடாதீர்கள், அதிலும் இனிப்பு இறங்கியிருக்கும்.

அடி கனமான பாத்திரம் ஒன்று, விஸ்க் ஒன்று, அடியைச் சுரண்டும் சிலிக்கான் கரண்டி ஒன்று, பெரிய தட்டையான கிண்ணம் ஒன்று. ஐஸ் கட்டி ஒரு தட்டு. இவை எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கஸ்டர்ட் இறுக ஆரம்பித்த பிறகு கரண்டியைத் தேடி இழுப்பறையைத் திறக்க நேரம் கிடைக்காது.

4. பழக்கூழ்

ஊறிய பேரீச்சம்பழத்தை ஊறிய நீரோடு மிக்ஸியில் போட்டு நைசாக அரையுங்கள். அப்புறம் வாழைப்பழத்தைப் போட்டு இன்னொரு சுற்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வாழைப்பழம் குழைந்து வழுக்கிக்கொண்டே இருக்கும், பேரீச்சம்பழம் பிளேடில் சிக்காமல் திப்பித்திப்பியாக நிற்கும்.

அரைத்ததைச் சின்னச் சட்டியில் ஊற்றி, மிதமான தீயில் கிளறிக்கொண்டே மூன்று நான்கு நிமிடம் கொதிக்கவிடுங்கள். எல்லாரும் தாவிச் செல்லும் படி இதுதான். அரைத்த வாழைப்பழம் காற்றுப் பட்டால் கறுக்கும். அதைக் கறுக்கவைக்கும் நொதியைச் சூடு அடக்கிவிடும். பச்சையாகக் கலந்த கஸ்டர்ட் மாலைக்குள் சிமெண்டு நிறத்துக்குப் போய்விடும், ருசி கெடாது என்றாலும் விருந்தாளி முன்னால் வைக்க மனம் வராது. கொதித்த கூழ் பேரீச்சம்பழத்தின் வெளிர் பழுப்பிலேயே நிற்கும்.

கரண்டியில் எடுத்தால் தோசை மாவுப் பதத்தில் வழிய வேண்டும். இறக்கி, நன்றாக ஆறவிடுங்கள். இதிலிருந்து இரண்டு மேசைக்கரண்டியைத் தனியாக எடுத்து மூடிவையுங்கள். எதற்கு என்று 7ஆம் பகுதியில் சொல்கிறேன்.

மாம்பழ மாதங்களில், ஏப்ரல் முதல் ஜூன் வரை, தேக்காவில் அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் வந்து இறங்கும்போது வாழைப்பழத்துக்குப் பதில் 200 கிராம் மாம்பழக் கூழ் போடுவேன், பேரீச்சம்பழத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். பலாச்சுளையும் நன்றாக இருக்கும், ஆனால் அதன் வாசனை ஏலக்காயைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

5. இனிப்பில்லாத கஸ்டர்ட்

ஒரு லிட்டர் பாலில் 150 மில்லியைக் குளிர்ந்தபடியே தனியாக எடுத்துவையுங்கள். மீதிப் பாலை ஊற்றும் முன் பாத்திரத்தைத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் அப்படியே பாலை ஊற்றுங்கள். அடிபிடிப்பது குறையும். பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு, ஏலக்காயைத் தட்டி, உப்போடு சேர்த்துப் பாலில் போட்டு மிதமான தீயில் சூடாக்குங்கள்.

பால் சூடாகும்போது, எடுத்துவைத்த குளிர்ந்த பாலில் கஸ்டர்ட் பவுடரைக் கரையுங்கள். சூடான பாலில் நேராகத் தூவினால் ஒவ்வொரு மாவுத் துகளும் வெளியே வெந்து, உள்ளே பச்சையாக, உருண்டையாக நிற்கும். அப்புறம் எவ்வளவு அடித்தாலும் உடையாது. கரைத்த மாவு இரண்டு நிமிடத்தில் அடியில் படிந்து இறுகிவிடும். ஊற்றும் நொடியில் ஒருமுறை அடிவரை கிளறிவிட்டு ஊற்றுங்கள். கிளறாமல் ஊற்றினால் மாவில் பாதி கோப்பையிலேயே தங்கிவிடும், பிறகு “பவுடர் பத்தல” என்று இன்னும் ஒரு கரண்டி போடத் தோன்றும்.

பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 4 மேசைக்கரண்டி என்றுதான் பெரும்பாலும் இருக்கும். நாம் 3 போடுகிறோம். சர்க்கரை இல்லாததால் மாவு முழுப் பலத்தோடு இறுகும், பின்னால் சேரும் பழக்கூழும் தன் பங்குக்குக் கெட்டி தரும். நான்கைப் போட்டால் மறுநாள் கத்தியால் வெட்டி எடுக்கலாம்.

பால் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் விட்டதும் பாண்டானையும் ஏலக்காயையும் எடுத்துவிட்டு, தீயைக் குறைத்து, மாவுப் பாலை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே விஸ்கால் அடியுங்கள். இனிக் கை நிற்கக் கூடாது. மாவு 65, 70 டிகிரி செல்சியஸிலேயே இறுக ஆரம்பிக்கும். கெட்டியானதும் ஆகிவிட்டது என்று புதியவர்கள் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அவசரம். அந்தக் கட்டத்தில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், பச்சை மாவு வாடை அடிக்கும், மேலண்ணத்தில் ஒட்டும். சர்க்கரை இருந்தால் அது அந்த வாடையை மறைத்திருக்கும், இங்கே மறைக்க ஆள் இல்லை. நடுவில் ‘பொளக் பொளக்’ என்று பெரிய குமிழ் வெடிக்கும்வரை போய், அதன் பிறகு ஒரு முழு நிமிடம் கிளறுங்கள்.

கரண்டியின் பின்பக்கத்தைத் தோய்த்து எடுத்து, விரலால் ஒரு கோடு இழுங்கள். கோட்டின் இரு கரையும் உடனே சேராமல் நின்று, மேல் ஓரத்திலிருந்து மட்டும் மெதுவாக வழிய வேண்டும். அதுதான் பதம். கோடு சிறிதும் அசையாமல் நின்றால் அதிகம் இறுகிவிட்டது, அரைக் கப் பால் ஊற்றி அடித்துக்கொள்ளுங்கள்.

இண்டக்ஷன் அடுப்பில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில அடுப்புகளில் பாத்திரத்தின் நடுவட்டம்தான் அதிகம் சூடாகும். விஸ்க் ஓரம் ஓரமாகச் சுற்றினால் நடுவில் அடிபிடிக்கும். எட்டு போடுவதுபோல் கையை ஓட்டுங்கள்.

6. ஆறவைத்தல்

இந்த ஊரில் குழாயைத் திறந்தால் வருவது குளிர்ந்த தண்ணீர் இல்லை. பாத்திரத்தைக் குழாய்த் தண்ணீரில் வைத்து ஆறும் என்று காத்திருந்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். சமைத்த பால் பண்டம் 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவில் நெடுநேரம் கிடப்பதும் நல்லதல்ல. கஸ்டர்டைத் தட்டையான கிண்ணத்துக்கு மாற்றி, ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் கிளறுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இளஞ்சூட்டுக்கு வந்துவிடும்.

இந்த நேரத்தில் கிளறுவது ஏடு படியாமல் இருக்கவும்தான். இடையில் வேறு வேலைக்குப் போவதாக இருந்தால் பட்டர் பேப்பரைக் கஸ்டர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டிப் படும்படி போட்டுவிட்டுப் போங்கள். கிண்ணத்தின் வாயை மட்டும் மூடினால் ஏடு படியத்தான் செய்யும்.

கொதிக்கக் கொதிக்க ஃபிரிட்ஜில் வைப்பது வேண்டவே வேண்டாம். ஆவி மூடியில் முட்டி நீராக இறங்கி, மேலே ஒரு குளம் கட்டும், பக்கத்தில் இருக்கும் மற்ற சாப்பாடும் சூடாகும்.

7. கலத்தல், குளிரவைத்தல், ருசி பார்த்தல்

வெல்லப் பாயசம் செய்தவர்களுக்கு இந்தக் கட்டம் புதிதல்ல. கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் திரியும் என்று ஆறவிட்டுத்தானே சேர்க்கிறோம், பழத்துக்கும் அதே மரியாதைதான். பழத்தில் இருக்கும் லேசான புளிப்பும் துவர்ப்பும் சூடான பாலில் வேகமாக வேலை செய்யும், ஆறிய பாலில் அடங்கியிருக்கும்.

கஸ்டர்டில் விரல் வைத்தால் இளஞ்சூடுதான் தெரிய வேண்டும். கூழும் ஆறியிருக்க வேண்டும். இரண்டு கரண்டி கஸ்டர்டை எடுத்துக் கூழில் போட்டுக் கலக்கி இளக்குங்கள். பிறகு அந்தக் கூழைக் கஸ்டர்டில் ஊற்றி மெதுவாகக் கலந்துவிடுங்கள். கெட்டிக் கூழை நேராகக் கஸ்டர்டில் போட்டால் பழுப்புக் கோடுகளாக நிற்கும், அதைக் கரைக்கப் பலமாக அடிக்க வேண்டிவரும். இறுகத் தொடங்கிய மாவைப் பலமாக அடித்தால் கட்டு விட்டுப்போகும், திரும்ப இறுகாது.

மேற்பரப்பை மூடி, ஃபிரிட்ஜில் 4 மணி நேரம். அதற்குப் பிறகுதான் இனிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். குளிர்ந்த பண்டத்தில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், இளஞ்சூட்டில் சரியாக இருந்தது குளிர்ந்ததும் போதாததுபோல் இருக்கும். அப்போது கைகொடுக்கத்தான் அந்த இரண்டு மேசைக்கரண்டிக் கூழ். கஸ்டர்டில் கலக்கக்கூட வேண்டாம். ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் கால் கரண்டி வைத்துவிடுங்கள். முதல் வாயில் இனிப்பு பட்டுவிட்டால் மிச்சக் கிண்ணமும் இனிப்பாகவே போகும்.

ருசி பார்க்கும் கரண்டி ஒருமுறைக்கு மேல் கிண்ணத்துக்குள் போகக் கூடாது. இது வெறும் ஆசாரம் இல்லை. எச்சிலில் மாவை உடைக்கும் நொதி இருக்கிறது. ஒரு சொட்டுப் பட்டாலும் இரவு முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கும்.

8. பழத்துண்டுகள்: எது, எப்போது

எப்போது என்பதற்குப் பதில் சுலபம். பரிமாறுவதற்கு அரை மணி நேரத்துக்குள். வெட்டிய பழம் கஸ்டர்டில் கிடக்கக் கிடக்க நீர்விடும். காலையிலேயே கலந்துவைத்தால் மாலையில் பழம் சோர்ந்து, கஸ்டர்ட் தளர்ந்து, இரண்டும் கெட்டிருக்கும்.

எது என்பதில்தான் கவனம் வேண்டும். ஆப்பிள், கறுப்புத் திராட்சை, மாம்பழம், சப்போட்டா, பேரிக்காய் எல்லாம் நல்ல பிள்ளைகள். மாதுளை கடைசியில் தூவுங்கள், கலந்தால் ரோஸ் நிறம் இறங்கும். தர்பூசணி கூடாது, தண்ணீர்தான். டிராகன் பழம் பார்க்க அழகு, இனிப்புக்கு உதவாது.

வேகவைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றையும் சேர்க்காதீர்கள். இவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. பால் புரதத்தின் மேல் அவை வேலை செய்தால் கசப்பு வரும். அன்னாசி கட்டாயம் வேண்டும் என்றால் துண்டுகளை ஐந்து நிமிடம் வேகவைத்து, ஆறவைத்து, நீரை வடித்துப் போடுங்கள். டின் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது, பிரச்சினை இல்லை. ஆரஞ்சு, சாத்துக்குடி, சவர்சாப் போன்ற புளிப்புப் பழங்களைக் கஸ்டர்டில் கலக்காமல் பக்கத்தில் தனியாக வைக்கலாம்.

வெட்டிய பழத்தைக் காகிதத் துவாலையில் ஒருமுறை ஒற்றி எடுத்துவிட்டுச் சேருங்கள். ஆப்பிளைத் தோலோடு சின்னச் சதுரமாக வெட்டுங்கள், கடிக்க ஏதாவது இருந்தால்தான் இனிப்பு குறைந்த கஸ்டர்ட் அலுக்காது. வறுத்த முந்திரி, பாதாம் கொஞ்சம் இருந்தால் இன்னும் நல்லது.

9. கோளாறு வந்தால்

“ஆன்ட்டி, நேத்து ராத்திரி கெட்டியாத்தான் இருந்துச்சு, காலையில மூடியத் திறந்தா பாயசம் மாதிரி ஓடுது!” என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, தேன் ஊத்தினீங்களா என்பதுதான். பாதிப் பேர் ஊற்றியிருப்பார்கள். இனிப்பு போதவில்லை என்று கடைசியில் ஒரு கரண்டி, இயற்கைதானே என்ற நினைப்பில். தேனிலும் மாவை உடைக்கும் நொதி உண்டு. ருசி பார்த்த கரண்டி, முழு நிமிடம் கொதிக்காத மாவு, காலையிலேயே கலந்த பழத்துண்டு, இறுகிய பிறகு அடித்த அடி, இவை மற்ற காரணங்கள்.

நீர்த்துப்போனதைத் திரும்பக் காய்ச்சாதீர்கள். இப்போது அதில் பழம் கலந்திருக்கிறது, கொதிவந்தால் திரியும். ஐஸ்கிரீம் குச்சி அச்சில் ஊற்றி உறையவையுங்கள். பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள், காரணம் கேட்க மாட்டார்கள்.

கட்டி தட்டிவிட்டதா? பழம் சேர்க்கும் முன் என்றால் சல்லடையில் கரண்டியால் தேய்த்து வடித்துவிடலாம். வடிகட்டக் கூடாது என்று நான் சொன்னது பழக்கூழை மட்டும்தான்.

அடிபிடித்துவிட்டதா? சுரண்டாதீர்கள். மேலே இருப்பதை வேறு பாத்திரத்துக்குச் சாய்த்துவிட்டு அடியை அப்படியே விடுங்கள். ஒரு கரண்டி ருசி பாருங்கள். தீய்ந்த வாடை ஏறியிருந்தால் ஏலக்காயும் காப்பாற்றாது, புதிதாகத்தான் காய்ச்ச வேண்டும்.

லேசாகத் திரிந்து மணல்மணலாகத் தெரிந்தால் மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டினால் கண்ணுக்குச் சரியாகும், ஆனால் கெட்டி போய்விடும். குடிக்கும் பதத்தில் கோப்பையில் கொடுத்துவிடலாம்.

10. முட்டை சேர்ப்பவர்களுக்கு

மாவே வேண்டாம், முட்டைக் கஸ்டர்டாக ஆவியில் வேகவைக்கிறேன் என்றால் முறை வேறு. சர்க்கரை இருக்கும்போது முட்டை இறுகக் கூடுதல் சூடு தேவைப்படும். அது இல்லாவிட்டால் சீக்கிரமே இறுகும், கொஞ்சம் அசந்தால் தேன்கூடு போல ஓட்டை விழுந்து நீர் கக்கும். அதனால் தீ எப்போதும் குறைவாகவே இருக்க வேண்டும்.

அரை லிட்டர் இளஞ்சூட்டுப் பாலுக்கு மூன்று முட்டை, சிட்டிகை உப்பு. நுரைக்காமல் கலக்கி வடிகட்டுங்கள். வேகவைத்து ஆறிய பழக்கூழைச் சின்னக் கிண்ணங்களின் அடியில் ஒவ்வொரு கரண்டி வைத்து, மேலே முட்டைப் பாலை மெதுவாக ஊற்றுங்கள். கூழைக் கலந்துவிட்டால் எப்படியும் அடியில்தான் போய்ப் படியும். கிண்ணத்தை அலுமினியத் தாளால் மூடி, மெல்லிய ஆவியில் 12 முதல் 15 நிமிடம். ஆட்டினால் நடுப்பகுதி மட்டும் லேசாக அசைய வேண்டும். இறக்கிய பிறகு மிச்சச் சூட்டில் அதுவும் இறுகிவிடும்.

11. விருந்துக்கு எடுத்துப் போக

தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் 30 பேருக்குச் செய்வதென்றால் நான்கு லிட்டரையும் ஒரே அண்டாவில் காய்ச்ச ஆசைப்படாதீர்கள். வீட்டு அடுப்பில் அடி தீயும், மேல் மாவு வேகாது, ஆறவும் நேரம் பிடிக்கும். இரண்டு லிட்டராக இரண்டு தடவை காய்ச்சி, தட்டையான அலுமினியத் தட்டுகளில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி முந்தைய நாள் இரவே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜில் இடம் இருக்கிறதா என்று அதற்கும் முதல் நாளே பாருங்கள்.

கஸ்டர்ட் ஒரு பெட்டி, வெட்டிய பழம் ஒரு பெட்டி, முந்திரி ஒரு பொட்டலம் என்று தனித்தனியாகக் குளிர்ப்பையில் ஐஸ் பொதியோடு எடுத்துப் போங்கள். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் விருந்து என்றால் பிரியாணியோடு சேர்த்து மேசையில் பரப்பாமல், சாப்பாடு முடியும் நேரத்தில் வெளியே எடுத்து, அங்கேயே பழத்தைக் கலந்து கொடுங்கள். குளிர் விட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருந்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பழம் கலக்காத கஸ்டர்ட் மிஞ்சி, குளிர்ப்பையை விட்டு வெளியே வராமல் இருந்தால், செய்த நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் சாப்பிட்டு முடித்துவிடலாம்.